துலக்கிய காசும் வெட்டுப்பட்ட காசும்: சேகரிப்பாளர்களின் ‘தூய்மை’ குறித்துச் சில குறிப்புகள்

1

நாணயம் சேகரிப்பவர்கள் மத்தியில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. புதிதாக இந்தப் பழக்கத்துக்கு வருகிறவனுக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லித் தருவது அதைத்தான்: ‘அடிபட்ட காசை வாங்காதே, துலக்கின காசை வாங்காதே.’ ஓட்டை போட்டது, வளையம் பற்றவைத்தது, கீறல் விழுந்தது, வளைந்தது, யாரோ பெயரைச் செதுக்கியது எல்லாம் முதல் வகை. அமிலத்தில் முக்கியது, பிரஷ் போட்டுத் தேய்த்தது, பாலிஷ் ஏற்றியது எல்லாம் இரண்டாம் வகை. கடையில் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில்தான் கிடக்கும். ‘எது எடுத்தாலும்’ ஒரே விலை.

இந்தக் கட்டுரை அந்த டப்பாவைப் பற்றியது. இலக்கியமும் அரசியலும் பேசுகிற பத்திரிகையில் ஓட்டைக் காசுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எது பாதுகாக்கத் தகுந்தது, எது குப்பை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் நாம் திரும்பத் திரும்பப் பேசிவரும் விஷயம். காசு விஷயத்தில் அந்தத் தீர்மானம் எந்த மறைப்பும் இல்லாமல் ரூபாய்க் கணக்கிலேயே நடக்கிறது.

என் அப்பாயி விட்டுப்போன ஒரு வெள்ளி ரூபாய் என்னிடம் இருக்கிறது. 1917ஆம் வருஷத்தது; ஐந்தாம் ஜார்ஜ் தலை. தலைக்கு மேலே ஒரு வளையம் பற்றவைத்திருக்கும். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் நடை பழகும்வரை கறுப்புக் கயிற்றில் அந்தக் காசைக் கோர்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். விளிம்பில் அரம் போட்ட தடம் இரண்டு உண்டு. அடகு வைத்தபோது வெள்ளிதானா என்று பார்த்த தடம். ‘ஒன்னு ஒங்க அப்பனுக்குக் காய்ச்சல் கண்டப்ப. இன்னொன்னு கெணறு வெட்டறப்ப’ என்று அப்பாயி சொல்லும்.

நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது அப்பாயி இறந்துபோனது. காசு என் கைக்கு வந்தது. கறுத்துப்போய், எழுத்து இடுக்கெல்லாம் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்து கிடந்தது. வெள்ளிச் சாமானை விபூதி போட்டுத் தேய்ப்பது வீட்டு வழக்கம். விபூதியில் போகவில்லை. பல்பொடியும் பழைய பிரஷ்ஷும் எடுத்தேன். அரை மணி நேரத்தில் புதுக்காசு மாதிரி பளபளத்தது. பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில் வியாபாரி ஒருவரிடம் அதைக் காட்டினேன். விற்கிற எண்ணம் இல்லை. என்ன சொல்கிறார் பார்ப்போம் என்றுதான். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

‘இதுல ரெண்டு டேமேஜ் இருக்கு தம்பி. ஒன்னு வளையம் வச்சது. இன்னொன்னு நீங்க தேச்சது. வெள்ளி எடைக்கு வேணும்னா போட்டுக்கலாம்.’

அவர் பொய் சொல்லவில்லை. சந்தையின் மொழியில் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாயி செய்த காரியத்தையும் நான் செய்த காரியத்தையும் ஒரே சொல்லால் சொன்னார். அப்பாயி அந்தக் காசில் ஒன்றைச் சேர்த்தது. நான் அதிலிருந்து ஒன்றை அழித்தேன். இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் போடுகிற பார்வை எங்கிருந்து வருகிறது? அதை நாம் ஏற்கத்தான் வேண்டுமா?

2

இன்று உலகம் முழுக்க நாணயங்களைத் தரம் பிரிக்கப் பயன்படுவது 1 முதல் 70 வரையிலான ஒரு அளவுகோல். இதை உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட் காசுகளைப் பற்றி 1949இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இது வருகிறது. அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த காசு 1. அச்சிலிருந்து விழுந்தபடியே இருக்கும் காசு 70. தொடக்கத்தில் இது தர அளவுகோலாக மட்டும் இல்லை, விலை அளவுகோலாகவும் இருந்தது. அடிப்படை விலையைத் தர எண்ணால் பெருக்கினால் காசின் விலை கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு.

இந்த ஷெல்டனின் தொழில் நாணயம் அல்ல. அவர் உளவியலாளர். மனித உடல்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு உடலுக்கும் மூன்று இலக்க எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்து ஒருவனின் குணத்தையும் குற்றம் செய்யும் போக்கையும் சொல்லிவிடலாம் என்று வாதித்தவர். இதற்காக அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை நிர்வாணமாக நிறுத்தி முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று படம் எடுத்தார்கள். மனித இனத்தை ‘மேம்படுத்துவது’ பற்றிய இனவாத விஞ்ஞானத்தில் நம்பிக்கை வைத்திருந்தவர் அவர். வழிதவறிய இளைஞர்களின் உடல்வகைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்ததும் அதே 1949இல்தான். ஒரே வருஷம், ஒரே கை. ஒரு புத்தகத்தில் உடலுக்கு எண், இன்னொன்றில் காசுக்கு எண்.

ஆள் மோசம், அதனால் அளவுகோல் மோசம் என்று சொல்ல வரவில்லை. அது சோம்பேறி விமர்சனம். இரண்டு இடத்திலும் ஒரே தர்க்கம் வேலை செய்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பொருளை அதன் வாழ்க்கையிலிருந்து பிரித்து நிறுத்து, மேற்பரப்பைப் பார், முன்கூட்டியே வரைந்த ஒரு லட்சிய வடிவத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண், அந்த எண்ணே அதன் மதிப்பு. அந்த உடல் எங்கே வேலை செய்தது, அந்தக் காசு எந்தக் கை வழியாக வந்தது என்ற கேள்விக்கு இங்கே இடம் கிடையாது.

கொசுறாக ஒரு தகவல். 1977இல் ஷெல்டன் இறந்த பிறகு ஒரு விஷயம் வெளிவந்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த உயர்தரக் காசுகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்திருக்கிறார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. தூய்மைக்கு எண் கொடுத்தவரே தூய காசைத் திருடியிருக்கிறார். எண்ணின் மீது ஏற்படும் பித்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது போதும்.

இப்போது அந்த அளவுகோலின் உள்கட்டமைப்பைப் பாருங்கள். 60 முதல் 70 வரை உள்ள பதினொரு படிகளும் ‘புழங்காத’ காசுகளுக்கு மட்டும். ஒரு நாள் சந்தைக்குப் போய்வந்த காசிலிருந்து நூறு வருஷம் உழைத்த காசு வரை மிச்சம் இருப்பதில் அடக்கிக்கொள்ள வேண்டும். காசு என்பதே புழங்குவதற்காகச் செய்யப்பட்டது. தன் வேலையைச் செய்யவே செய்யாத காசுக்கு உச்ச மதிப்பு. வேலை செய்த காசுக்கு வேலை செய்த அளவுக்குக் கழிவு.

‘புழங்காத’ என்ற தமிழ்ச் சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ‘அவங்களோட நாங்க புழங்கறதில்ல’ என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கை படாதது மேல், பல கை பட்டது கீழ் என்கிற அளவுகோல் நமக்குப் புதியதல்ல. ஷெல்டனுக்கு நம்முடைய ஊர் தெரியாது. ஆனால் அவருடைய அளவுகோல் நம்முடைய ஊருக்கு வந்தபோது எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தரப்படுத்தும் கம்பெனிகள் தோன்றின. காசைப் பார்த்து எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தருவார்கள். அடிபட்டதும் துலக்கியதும் பேழைக்குள் போகத் தகுதியற்றவை என்று வெறும் பிளாஸ்டிக் உறையில் திருப்பி அனுப்பப்பட்டன. சேகரிப்பாளர்கள் அந்த உறைக்கு வைத்த பட்டப்பெயர், பிணத்தைச் சுற்றும் பை. பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, இவற்றையும் பேழையில் வைக்கிறார்கள். ஆனால் எண் கிடையாது. ‘துலக்கியது’, ‘ஓட்டை’, ‘கீறல்’, ‘நகையாக இருந்தது’ என்று குற்றம் மட்டும் சீட்டில் அச்சிடப்படும். ‘நகையாக இருந்தது’ என்பது குற்றப்பட்டியலில் வருகிறது. அப்பாயி இந்தச் சீட்டைப் பார்த்தால் என்ன சொல்லியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

3

சிதைவு எல்லாம் இழப்பு என்றால், கீழே சொல்லப்போகும் காசுகளை என்ன செய்வது?

1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமப் பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலை மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. தவறி விழுந்த வெட்டு அல்ல. காசுக்குக் காசு வேண்டுமென்றே போட்டது. ஏன் வெட்டினார்கள்? இது இனி நாணயமாகச் செல்லாது, தங்கமாக மட்டும் செல்லும் என்று அறிவிக்கவா? வேற்று அரசனின் முகம் இங்கே அதிகாரத்தோடு திரியக் கூடாது என்பதற்கா? உள்ளேயும் தங்கம்தானா என்று சோதிக்கவா? ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எதுவாக இருந்தாலும் வெட்டிய கை இந்த மண்ணில் இருந்த கை. ரோமில் அச்சான முகம் ரோமின் கதையைச் சொல்கிறது. வணிகத்தின் இந்தப் பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அந்தக் காசில் சொல்வது அந்த வெட்டு மட்டும்தான். தரப்படுத்தும் சீட்டில் அதற்குப் பெயர் சேதம்.

அடுத்தது, சராப்புகளின் முத்திரை. முகலாயர் காலத்து ரூபாய்களிலும் கம்பெனி ரூபாய்களிலும் சின்னச் சின்னக் குத்துகள் பார்க்கலாம். பணம் மாற்றுகிற சராப்பு, வெள்ளி சரியாக இருக்கிறது என்று சோதித்துத் தன் அடையாளத்தைக் குத்தி அனுப்புவார். அமெரிக்கா 1873 முதல் 1878 வரை சீன வணிகத்துக்கென்றே அடித்த வெள்ளி டாலர்களிலும் இதே கதை. சீன வணிகர்கள் தங்கள் எழுத்தைக் குத்தினார்கள். அரசாங்கத்தின் வார்த்தை எங்களுக்குப் போதாது, நாங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறோம் என்பது இதன் பொருள். நெடுங்காலம் இவை ‘கெட்டுப்போன’ காசுகளாகக் கழிக்கப்பட்டன. இப்போது சீனக் குத்துள்ள டாலர்களைத் தேடி வாங்க ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. காசு மாறவில்லை. பார்வை மாறியது. ‘சேதம்’ என்பது உலோகத்தின் குணம் அல்ல, ஒரு வாசிப்பின் முடிவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1903ஆம் வருஷத்து ஒரு பென்னி இருக்கிறது. ஏழாம் எட்வர்ட் மன்னனின் தலை மேல் ஒவ்வோர் எழுத்தாக வைத்துச் சுத்தியலால் அடித்து ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். காசைச் சிதைப்பது அன்று அங்கே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. செய்தவர் பெயர் தெரியாது. பென்னி என்பது கடைசி ஏழையின் கையிலும் இருக்கும் காசு. அரசு அதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திரும்பப் பெற முடியாது. அரசன் தன் முகத்தை ஊரெல்லாம் அனுப்பக் கண்டுபிடித்த வழியிலேயே அவனுக்கு எதிரான வாசகமும் ஏறிப் பயணம் செய்தது. அந்த எழுத்துகள் விழுந்திருக்காவிட்டால் அது கோடிக்கணக்கான பென்னிகளில் ஒன்று. எந்த மியூசியமும் சீந்தியிருக்காது.

இவையெல்லாம் வேண்டுமென்றே போட்ட தடங்கள். யாரும் வேண்டாமலே விழுகிற தடம் ஒன்று இருக்கிறது: தேய்மானம். அதையும் ஒருவர் வாசித்திருக்கிறார். டி.டி. கோசாம்பி கணித அறிஞர், மார்க்சிய வரலாற்றாசிரியர். தட்சசீலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகளை அவர் தராசில் வைத்து எடை போட்டார். ஒரு காசு கை மாறும்போதெல்லாம் இம்மியளவு உலோகத்தை இழக்கிறது. நெடுநாள் புழங்கிய காசுகளின் சராசரி எடை குறையும். அவற்றுக்குள் எடை வேறுபாடு கூடும். பின்பக்கத்தில் சோதனைக் குத்துகள் கூடக்கூட எடை குறைவதையும் அவர் காட்டினார். அதை வைத்து எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த முயன்றார். தம் காலத்தில் புழக்கத்தில் இருந்த காசுகளையும் ஆயிரக்கணக்கில் எடை போட்டு இந்த முறையைச் சோதித்தார். அரசர் பெயரே இல்லாத காசுகளிலிருந்து, பெயர் தெரியாத கோடிக் கைகளின் உராய்வை வைத்து ஒரு கால வரிசை. அந்தக் காசுகளெல்லாம் ‘புழங்காத’ தரத்தில் கிடைத்திருந்தால் கோசாம்பிக்குச் செய்ய ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொரு சின்ன உதாரணம். 1943 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்திய அரசு நடுவில் பெரிய ஓட்டையோடு ஒரு பைசா அடித்தது. யுத்த கால உலோகச் சிக்கனம். நம் வீடுகளில் ஓட்டைக் காலணா என்று சொல்லப்பட்ட காசு. அந்த ஓட்டைக்குச் சேகரிப்பாளர் விலை குறைப்பதில்லை. அது ‘வடிவமைப்பு’. அதே வருஷங்களில் ஒரு தாய் தன் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கோர்க்க வேறொரு காசில் போட்ட ஓட்டை ‘சேதம்’. அரசு போட்டால் வடிவமைப்பு, ஆத்தா போட்டால் சேதம். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

4

சரி, துலக்குவதற்கு வருவோம்.

அச்சு விழும்போது உலோகம் நசுங்கி வெளிப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள் மேற்பரப்பில் தங்குகின்றன. காசைச் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் சக்கரம் மாதிரி சுற்றுவது அந்த வரிகளால்தான். தேய்த்தால் வரிகள் மழுங்கும். அமிலத்தில் முக்கினால் ஒரு மெல்லிய தோல் கழன்று போகும். பிறகு காசு மின்னும். ஆனால் அது செத்த மினுக்கம். போன தோல் திரும்பி வராது. கந்தகப் புகை காட்டிச் செயற்கையாகக் கறுக்க வைப்பவர்களும் உண்டு. பொய்யை மறைக்க இன்னொரு பொய்.

ஆக, துலக்கிய காசை வாங்காதே என்ற விதியில் எனக்கு மறுப்பில்லை. காரணத்தில்தான் மறுப்பு. அழகு குறைகிறது, விலை குறைகிறது என்பது அவர்களுடைய காரணம். சாட்சியம் அழிகிறது என்பது என்னுடைய காரணம். வேடிக்கை என்னவென்றால், துலக்குவதற்குத் தூண்டுவதே அந்த அளவுகோல்தான். பளபளப்புக்குப் பரிசு கொடுத்துக்கொண்டே இருந்தால், பளபளப்பு இல்லாதவன் பிரஷ் எடுக்கத்தான் செய்வான். துலக்கிய காசு தூய்மைவாதத்தின் எதிரி அல்ல, அதன் கள்ளப்பிள்ளை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. மண்ணிலும் ஆற்றிலும் கிடைக்கிற பழங்காசு களிம்பு மூடித்தான் வரும். நீக்காமல் வாசிக்க முடியாது. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிக்கொணர்ந்த, தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று எழுதிய செப்புக்காசு சங்ககாலப் பாண்டியர் நாணயம் பற்றிய பேச்சையே மாற்றிப்போட்டது. களிம்புக்கு அடியில் இப்படி எழுத்து இருக்கலாம் என்றால் துலக்காமல் எப்படி? தவிர, சில செப்புக் காசுகளில் உப்பு ஏறிப் பச்சைப் பொடியாக உதிரும் நோய் பிடிக்கும். விட்டால் காசே மிஞ்சாது.

உண்மைதான். துலக்குவதே பாவம் என்பது இன்னொரு தூய்மைவாதம். யார், எதற்காக, எப்படித் துலக்குகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மியூசியத்தில் வேலை செய்பவர் முதலில் படம் எடுக்கிறார், எடை குறித்துக்கொள்கிறார், எதைப் போட்டு எதை நீக்கினேன் என்று எழுதி வைக்கிறார், வாசிக்கத் தேவையான அளவோடு நிறுத்துகிறார். வியாபாரிக்காகத் துலக்குபவன் இத்தனையையும் மறைப்பதற்காகவே துலக்குகிறான். தமிழ் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சுலபமாகப் புரியும். உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது பிரதிபேதங்களைக் குறித்துவைத்தார். தாம் ஏற்காத பாடத்தையும் வாசகன் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தார். அதனால்தான் அவரோடு இன்று நாம் சண்டை போட முடிகிறது. பேதங்களைச் சொல்லாமல் ‘சரிசெய்து’ தரும் பதிப்போடு சண்டைகூடப் போட முடியாது. விளிம்பிலிருந்து வருகிற ஒரு நாவலின் பேச்சுமொழியை ‘வாசகருக்காக’ வழித்தெடுத்துத் தருகிற பதிப்பாசிரியனும் பல்பொடி வைத்திருப்பவன்தான்.

பாத்திரம் விளக்குவதற்கும் பொருள் விளக்குவதற்கும் தமிழில் ஒரே சொல். விமர்சகனாக இந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் பயம் தருகிறது. விளக்குகிறேன் என்று நாம் செய்கிற வேலையில் எத்தனை பாதி தேய்ப்பு?

5

கடைசியாக, நடைமுறைக் கேள்வி. வாங்கலாமா, கூடாதா?

அடிபட்ட காசை வாங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ரசனை காரணமாகச் சொல்லவில்லை. யாரும் வாங்காத வெள்ளிக் காசுக்கும் பொற்காசுக்கும் இன்னொரு வாங்குபவர் தயாராக இருக்கிறார்: பட்டறை. கண்காட்சி வியாபாரி எனக்குச் சொன்ன ‘வெள்ளி எடைக்கு’ என்ற விலையின் அர்த்தம் அதுதான். அப்பாயியின் ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. வளையம் வைத்த காசு, ஓட்டை போட்ட காசு, பெயர் செதுக்கிய காசு எல்லாம் முதலில் குகைக்குள் போகின்றன. பேழைக்குள் இருக்கும் புழங்காத காசு பத்திரமாக இருக்கும். அதன் விலையே அதற்குக் காவல். இன்னும் நூறு வருஷம் இப்படியே போனால் மிஞ்சுவது எதுவாக இருக்கும்? அரசாங்கம் எப்படி அச்சிட்டது என்று சொல்கிற காசுகள் மட்டும். மக்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று சொல்கிற காசுகள் உருகிப் போயிருக்கும். மேலிருந்து எழுதிய வரலாற்றை விமர்சிக்கிற நாம், கீழிருந்து எழுதிய வரலாறு கிராம் கணக்கில் உருகுவதைக் கவனிக்காமல் இருக்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த டப்பாதான் மாணவனுக்கும் கூலித் தொழிலாளிக்கும் கைக்கெட்டுகிற விலையில் இருக்கிறது. சந்தையின் அலட்சியம் நமக்குக் கிடைத்த ஒரு சலுகை. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த நிலைப்பாட்டிலும் ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் நானும் துலக்குகிறவனாகிவிடுவேன்.

ஒன்று, வாங்குவது சந்தையை உண்டாக்குகிறது. சீனக் குத்துக்கு மவுசு வந்ததும் பொய்க் குத்துகளும் வந்தன. நாளைக்கு வளையத்துக்கு விலை ஏறினால் நல்ல காசில் வளையம் வைத்து விற்பார்கள். தழும்பைக் கொண்டாடும் சந்தையும் சந்தைதான்.

இரண்டு, எந்தக் கீறலையும் விடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாதது: கிடைத்த இடம் தொலைந்துபோவது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் எத்தனையோ சங்ககாலக் காசுகள் அகப்பட்டன. ‘மாக்கோதை’, ‘கொல்லிரும்பொறை’ என்று சேரர் பெயர் தாங்கியவை உட்பட. வியாபாரி வழியாக, சேகரிப்பாளர் வழியாக அவை அறிவுலகத்துக்கு வந்தது நன்மைதான். ஆனால் எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற வாக்கியம் ஒவ்வொரு காசிலிருந்தும் துடைக்கப்பட்டுவிட்டது. வெயிலில் நின்று சலித்தவரின் பெயரும் சேர்ந்து துடைக்கப்பட்டது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசுகளை 1972ஆம் வருஷத்துச் சட்டம் தொல்பொருளாக எண்ணுகிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் சலிக்கிறவனுக்கு அன்றைய கூலியைத் தருவது சட்டம் அல்ல, வியாபாரி. மண்ணிலிருந்து புதிதாக எடுத்த காசை, எங்கே கிடைத்தது என்று சொல்லத் தெரியாத வியாபாரியிடம் வாங்காமல் இருப்பது நம்மால் முடிந்த குறைந்தபட்சம்.

ஆகவே என் விதியை இப்படித் திருத்திக்கொள்கிறேன். வீடுகளில் வாழ்ந்த காசு, புழங்கிச் சிதைந்த காசு, அதை வாங்கலாம். வாங்கி உருக்கிலிருந்து காப்பாற்ற வேண்டும். துலக்கிய காசை, துலக்கியது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் வாங்கலாம்; மறைத்து விற்றால் கூடாது. வாங்கிய எதையும் தேய்க்கக் கூடாது. யாரிடம், எந்த ஊரில், என்ன கதையோடு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் காசோடு வைக்க வேண்டும். ஓட்டையைப் பற்றி விற்பவருக்கு ஏதாவது தெரிந்தால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கேட்டால் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை.

அப்பாயியின் ரூபாயை நான் விற்கவில்லை. வளையம் இருக்கிறது, அரம் போட்ட இரண்டு தடமும் இருக்கின்றன. எழுத்து இடுக்கில் இருந்த மஞ்சள் இல்லை. எத்தனை குழந்தைகளின் கழுத்து வியர்வை அதில் இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. காசோடு ஒரு தாளும் வைத்திருக்கிறேன். வளையம் யார் வைத்தது, எந்தத் தடம் காய்ச்சலுக்கு, எது கிணற்றுக்கு என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரியில், தேய்த்தவன் நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.